உவப்பினால் ஒரு வழுவமைதி

சென்ற வாரம் கும்பகோணத்தில் ஒரு திருமணம். பந்தியில் என் அருகே அமர்ந்திருந்த உறவுக்காரர், என்னைவிட மூத்தவர், அன்று மாலையே நான் ஊர் திரும்பப் போவதைக் கேள்விப்பட்டு, "ஒரு ராத்திரி தங்கக்கூட முடியாம, வாயில்லாச் சீவனுக்காக இப்படி ஓடணுமா?" என்று ஆதங்கத்தோடு கேட்டார். அன்பினால் கேட்ட கேள்விதான். ஆயினும் மன்னார்குடியில் பேருந்து மாறி, ஊருக்கு வந்து, வீட்டுப் படலைத் திறக்கும் வரை அந்தச் சொல் என்னுடனேயே வந்தது. 'வாயில்லாச் சீவன்' என்று நம் மக்கள் இரக்கத்தோடுதான் சொல்கிறார்கள். இருந்தும் அதை நான் ஏற்க மறுக்கிறேன். பிராணிகளோடு வாழ்வதில் எனக்குக் கிடைத்திருக்கும் மகிழ்ச்சியில் பெரும்பங்கு, அவை பேசுவதைக் கேட்பதில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது ஓர் உம்பளச்சேரிப் பசுவும் அவள் கன்றும் ஒரு நாட்டு நாயும் ஒரு பூனையும் இருக்கிறார்கள். 'இருக்கின்றன' என்று எழுத வேண்டும் என்பதை முப்பது ஆண்டுகள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனால் அதே வகுப்பில் வழுவமைதியையும் நடத்தியிருக்கிறேன். பசுவைப் பார்த்து ஒருவர் 'என் அம்மை வந்தாள்' என்று சொன்னால் அது பிழையாகாது, உவப்பின் காரணமாக அஃறிணை உயர்திணையாயிற்று என்று நம் இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தை நடத்திய ஒவ்வோர் ஆண்டும் எனக்குள் ஒரு பெருமிதம் எழும். மகிழ்ச்சி என்ற ஒரே காரணத்துக்காக விதியைத் தளர்த்திய இலக்கண ஆசிரியர்கள், தம் வீட்டிலும் மாடு வைத்திருந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

பசு லெட்சுமியின் பேச்சைச் சொல்கிறேன். கன்று மடியருகே நிற்கும்போது அவள் வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே தணிவாக முனகுவாள். கன்று வேலி தாண்டிப் பார்வைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டால், அதே அழைப்பு வாய் திறந்து, உயர்ந்து, தெருக்கோடி வரை கேட்கும். தண்ணீர் கேட்கும் குரல் குறுகியது. புதிய ஆள் கொல்லைக்குள் நுழைந்தால் மூக்கால் சீறி மூச்சு விடுவாள். பருவத்துக்கு வந்த நாளில் விடியலிலிருந்தே ஓயாமல் கத்துவாள். காலையில் கத்தினால் அன்று மாலையும், மாலையில் கத்தினால் மறுநாள் காலையும் சினை ஊசி போட வேண்டும் என்பது மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கே அவள் குரலை நம்பித்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் ஆய்வாளர்கள் பசுக்களின் குரலைப் பல மாதங்கள் பதிவுசெய்து, கன்று அருகில் இருக்கும்போது ஒரு வகை அழைப்பும் பிரிந்திருக்கும்போது வேறொரு வகை அழைப்பும் உண்டென்றும், ஒவ்வொரு பசுவின் குரலும் தனித்து அறியத்தக்கது என்றும் கண்டிருக்கிறார்கள். அதைப் படித்தபோது என் அப்பாயி நினைவுக்கு வந்தார். அந்தியில் மாடுகள் திரும்பும்போது திண்ணையில் அமர்ந்தபடியே, முகத்தைக்கூடத் திருப்பாமல், எந்த வீட்டு மாடு கன்றைக் கூப்பிடுகிறது என்று சொல்லுவார். கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கிய பிறகும் சொன்னார்.

என் அப்பாவிடம் ஒரு சோடி உம்பளச்சேரிக் காளைகள் இருந்தன. நாகப்பட்டினம் மாவட்டத்து உம்பளச்சேரியின் பெயரைத் தாங்கிய இந்த இனத்துக்கு டெல்டாவின் சேறுதான் பிறந்த வீடு. குட்டையான, உறுதியான கால்களும் ஆழச் சேற்றிலும் தடுமாறாத நடையும் உடையவை. உழவுக்குப் போகும் காளைகளுக்குக் கன்றுப் பருவத்திலேயே கொம்புக் குருத்தைத் தீய்த்துவிடும் வழக்கம் இருந்ததால் 'மொட்டை மாடு' என்றும் சொல்வார்கள். அந்த வழக்கத்தை இன்று நினைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நுகத்தின் வலப்பக்கம் பூட்டுபவன் வலத்தன், இடப்பக்கத்தவன் இடத்தன். வேறு பெயர் வைத்ததில்லை. ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் எங்கள் வாய்க்காலை எட்டியதும், வயலில் நீர் கட்டிச் சேறாக உழும் சேடை ஓட்டும் வேலை தொடங்கும். அப்பா கையில் தார்க்குச்சி இருக்கும், ஆனால் அதை ஓங்கி நான் பார்த்ததில்லை. நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஓர் ஒலி, உதட்டைக் குவித்து ஓர் ஒலி, நீளமாக ஒரு 'ஓ' என்ற இவ்வளவே அவர் பேசிய மொழி. வரப்பை நெருங்கினால் அதுவும் தேவைப்படாது, இருவரும் தாமே திரும்பிவிடுவார்கள். நடுப்பகலில் நுகத்தை இறக்கியதும் வலத்தன் தன் தாடையை அப்பாவின் தோளில் வைத்துக்கொண்டு நிற்பான். கழுத்தடியைச் சொறியச் சொல்கிறான் என்று பொருள். பசித்துக் களைத்த மனிதர், சோற்றுக்கு உட்காருவதற்கு முன் அதைச் செய்துவிட்டுத்தான் உட்காருவார். அதிகம் சிரிக்காத என் அப்பாவின் முகத்தில் நான் கண்ட சிரிப்புகளில் பெரும்பாலானவை வரப்போரத்தில் அந்த நேரத்தில் கண்டவை.

டிராக்டர் வந்தது, பின்னாலேயே அறுவடை இயந்திரமும் வந்தது. ஓர் ஆண்டு தண்ணீர் வராமல் சாகுபடி பொய்த்தபோது அப்பா இருவரையும் விற்றார். விற்ற மறுநாளும் அம்மா அரிசி களைந்த கழுநீரைக் கொண்டுபோய்க் கொல்லையில் இருந்த கழனித்தொட்டியில் ஊற்றினார். அதற்கடுத்த நாளும் ஊற்றினார். தொட்டி நிறைந்து வழிந்தது. காக்கைகள் வந்து குடித்தன. அப்பா பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. அந்தத் தை மாதம் மாட்டுப் பொங்கலுக்கு முதல் நாள் அவர் கடைத்தெருவிலிருந்து வழக்கம்போல் இரண்டு நெட்டி மாலைகள் வாங்கி வந்தார். மறுநாள் அவற்றை வெறும் கட்டுத்தறியில் மாட்டினார். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பிராணி வளர்ப்பது நகரத்திலிருந்து வந்த புதுப் பழக்கம், வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று இப்போது சிலர் எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. திருவாரூர்க் கோயிலுக்கு வெளியே நிற்கும் கல்தேரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியின் கயிற்றை இழுத்தது. மனுநீதிச் சோழன் அதை முழுமையான வழக்காக எடுத்துக்கொண்டான். எங்கள் மண்ணின் மிகப் பெரிய நீதிக் கதையில் முறையிட்டவள் ஒரு பசு. திருவாவடுதுறைக்கு அருகே சாத்தனூரில், மாடு மேய்த்த மூலன் மேய்ச்சல் நிலத்திலேயே இறந்துபோக, பசுக்கள் அவன் உடலைச் சுற்றிச் சுற்றி வந்து, மோந்து, நக்கிக் கதறின என்றும், அவ்வழியே வந்த சிவயோகி அக்கதறலைத் தாங்க மாட்டாமல் அவ்வுடலில் புகுந்து எழுந்து அவற்றின் துயரைத் தீர்த்தார் என்றும், அவரே திருமூலர் என்றும் சொல்லக் கேட்டிருக்கிறோம். நான் இதைத் தத்துவமாக விரித்துப் படிப்பதில்லை. மாடுகளின் அழுகையைக் கேட்டு ஒருவர் தம் பயணத்தை நிறுத்தினார் என்ற இடத்திலேயே என் மனம் நின்றுவிடுகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது லெட்சுமி பிறந்திருக்கவில்லை. அவள் தாய் செல்லம் இருந்தாள். மாலையிலேயே என் கணவர் தும்பை அவிழ்த்துவிட்டார். கொட்டகை விழுந்தால் கட்டிப்போட்ட மாட்டால் தப்ப முடியாது. நள்ளிரவுக்குப் பிறகு எழுந்த காற்றின் இரைச்சலில், கொட்டகை விழுந்த ஓசைகூட எங்களுக்குக் கேட்கவில்லை. விடிந்து கதவைத் திறந்தபோது கொல்லை எது, தெரு எது என்று அடையாளம் தெரியவில்லை. அப்பா வைத்த தென்னைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. செல்லத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். விழுந்த மரங்களுக்கு அப்பாலிருந்து, தொண்டைக்குள்ளேயே ஒலிக்கும் அந்தத் தணிந்த முனகல் கேட்டது. அது கன்றுக்கான குரல். அவளுக்கு அப்போது கன்று இல்லை. எங்களைப் பார்த்து அந்தக் குரலில் கூப்பிட்டாள். என் கணவர் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு மூன்று வாரங்கள் எங்கள் ஊரில் மின்சாரம் இல்லை. மாலை ஆறு மணிக்கே இருள் கவிந்துவிடும். மரங்கள் போன துக்கத்தில் ஒருவரோடு ஒருவர் பேசவும் முடியாத அந்த நாட்களில், நாங்கள் இருவரும் தார்ப்பாய் கட்டிய தற்காலிகக் கொட்டகையில் செல்லத்தின் அருகே போய் அமர்ந்திருப்போம். அவள் அசைபோடும் ஓசையும் உடலின் வெதுவெதுப்பும் அந்த இருட்டுக்குப் போதுமானவையாக இருந்தன. எல்லாம் நின்றுபோன வீட்டில் விடியற்காலைத் தீனி, பகல் தண்ணீர், மாலை வைக்கோல் என்று நேரத்தை நடத்தியவள் அவள்தான். 2022-இல் தோல் கழலை நோய் பரவிய காலத்தில் அவளை இழந்தோம். உப்பிட்டுக் கொல்லையிலேயே புதைத்து, மேலே ஒரு தென்னங்கன்றை வைத்திருக்கிறோம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இன்னும் வலு வரவில்லை.

பூனையைப் பற்றி என் கணவரைத்தான் எழுதச் சொல்ல வேண்டும். பணி ஓய்வுக்குப் பிறகு பேச்சு மிகவும் குறைந்துபோயிருந்த மனிதர், தாமாகவே வந்து சேர்ந்த அந்தச் சாம்பல் பூனைக்குப் பதில் சொல்லப் பழகினார். வளர்ந்த பூனைகள் தமக்குள் மியாவ் என்று கத்திக்கொள்வது அரிது. அந்த ஒலி பெரும்பாலும் மனிதர்களை நோக்கியே எழுகிறது. அவள் கேட்பாள், இவர் "என்னம்மா?" என்பார், அவள் மீண்டும் கேட்பாள். கண்களை மெல்லச் சுருக்கி மூடித் திறப்பது பூனையின் நட்புக் குறிப்பு என்றும், நாம் அப்படிச் செய்தால் அதுவும் திருப்பிச் செய்யும் என்றும் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-இல் எழுதியிருந்ததை அவருக்குப் படித்துக் காட்டினேன். அன்று மதியம் முழுவதும் திண்ணையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கண்களை மூடித் திறந்துகொண்டிருந்தார்கள். நான் அடுக்களையிலிருந்து பார்த்தேன். திருமணமாகி முப்பத்து நான்கு ஆண்டுகளில் நான் கண்ட அழகான காட்சிகளில் அது ஒன்று.

நாய் ஜிம்மி பேருந்து நிறுத்தத்தில் யாரோ விட்டுப்போன குட்டி. என் கணவரின் மோட்டார் சைக்கிள் வாய்க்கால் பாலத்தில் ஏறும்போதே அவனுக்குத் தெரிந்துவிடும். அதே வகை வண்டிகள் பத்துப் போனாலும் வாலை அசைக்க மாட்டான். அவனுக்கு ஆண்டு தவறாமல் வெறிநோய்த் தடுப்பூசி போடுகிறோம். இதைத் தயங்காமல் சொல்கிறேன்: நாய் மேல் அன்பு உண்டென்று சொல்லிவிட்டு இதைச் செய்யாதவர்களின் அன்பை நான் நம்புவதில்லை. எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பனி நாட்டுக்கு உரிய, அடர்ந்த ரோமம் கொண்ட நாய்களை விலைக்கு வாங்கி வந்து, கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழ் கட்டிப்போடும் வீடுகளை இப்போது எங்கள் பக்கத்திலும் பார்க்கிறேன். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் வெப்பத்தை வெளியேற்ற முடியும். அந்த இரைப்பும் பேச்சுதான். அதைக் கேட்காமல் படம் எடுத்துப் பதிவிடுகிறார்கள்; நோய் கண்டதும் நெடுஞ்சாலையோரம் இறக்கிவிடுகிறார்கள். பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பதும் இதைச் சேர்ந்ததே. நம் காட்டுக் கிளிகளை வளர்ப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நெல் விளையும் காலத்தில் கூட்டமாகக் கத்திக்கொண்டு போகும் கிளிகளை ஒருமுறை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கூண்டு தாங்காது.

உம்பளச்சேரிப் பசு வளர்ப்பதில் வருமானம் இல்லை என்பார்கள். உண்மைதான், லெட்சுமி நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் கறந்தால் அதிகம். தவிடும் புண்ணாக்கும் வைக்கோலும் விற்கும் விலைக்கு அது கட்டாது. கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களிடம் மாடு வளருங்கள் என்று சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை. கொருக்கை அரசுக் கால்நடைப் பண்ணையில் இந்த இனத்தைப் பேணி வருகிறார்கள் என்பதே எனக்கு ஆறுதல். எங்களுக்கு ஓய்வூதியம் வருகிறது, வைத்திருக்கிறோம்.

இந்த இனத்தில் ஓர் அழகு உண்டு. கன்று செந்நிறத்தில் பிறக்கும். நெற்றியிலும் கால்களிலும் வால் நுனியிலும் வெள்ளை இருக்கும். ஆறு, எட்டு மாதங்களில் சிவப்பு மங்கிச் சாம்பல் நிறமாகிவிடும். லெட்சுமி போன மாசியில் ஈன்ற கன்றுக்கு, விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி செம்பி என்று பெயர் வைத்தாள். நிறம் மாறிவிடுமே, வேறு பெயர் வைக்கலாம் என்றேன். "மாறிடுச்சுன்னா செம்பின்னு கூப்பிட்டா அது திரும்பிப் பாக்காதா, அப்பாயி?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்த மாதம் செம்பியின் கழுத்தோரம் சிவப்பு வெளுக்கத் தொடங்கியிருக்கிறது. நேற்று மாலை வைக்கோல் போரின் மறுபக்கம் அவள் எதையோ மோந்துகொண்டு நின்றபோது, சற்றுத் தொலைவிலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டு காதுகளும் என் பக்கம் திரும்பின.