மாட்டு ஏப்பத்துக்குப் பொடி சரி, செலவு யார் தலையில்?

மாட்டுத் தீவனத்தில் ஒரு பொடியைக் கலந்தால் மாடு வெளியிடும் மீத்தேன் குறையும் என்ற செய்தி இப்போது அடிக்கடி வருகிறது. "மாட்டுக்கும் ரசாயனமா?" என்று ஒரு பக்கம் கொதிக்கிறார்கள். "நாளைக்கே எல்லா மாட்டுக்கும் கொடுங்கள்" என்று இன்னொரு பக்கம். கோத்தகிரிப் பக்கம் இரண்டு ஜெர்சி கலப்பின மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற வீடு எங்களுடையது. எங்களுக்குப் பொடி மேல் கோபமில்லை, வரட்டும். ஆனால் அதன் விலையையும், பால் குறைந்தால் வரும் நஷ்டத்தையும் மாடு வளர்ப்பவர் தலையில் கட்டக்கூடாது.

விஷயம் பொய்யில்லை. மாட்டின் பெருவயிற்றில் புல் நொதிக்கும்போது ஹைட்ரஜன் வருகிறது. அதையும் கரியமில வாயுவையும் சேர்த்து மீத்தேனாக்கும் நுண்ணுயிரிகள் அங்கேயே குடியிருக்கின்றன. அந்த மீத்தேன் பெரும்பாலும் ஏப்பமாக வாய் வழியாகவே வெளியே போகிறது. தின்ற தீவனத்தின் சக்தியில் 2 முதல் 12 சதவீதம் வரை இப்படியே போய்விடும். மீத்தேன் காற்றில் இருப்பது சுமார் 12 ஆண்டுதான் என்றாலும், 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல 80 மடங்கு சூடேற்றக் கூடியது. 2019 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடும் எருமையும் சேர்த்து 30 கோடிக்கு மேல். இதைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது.

வெளிநாட்டில் பேசப்படும் பொடி போவேர். அதிலிருக்கும் 3-என்.ஓ.பி என்ற பொருள், மீத்தேன் உண்டாக்கும் நொதியைத் தடுக்கிறது. கறவை மாட்டில் சுமார் 30 சதவீதம் குறைகிறது என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022-லும் அமெரிக்கா 2024-லும் அனுமதித்தன. ஆனால் அங்கே மாட்டைக் கொட்டிலில் நிறுத்தி, புல், தானியம், பொடி எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து நாள் முழுக்கத் தின்னவைக்கிறார்கள். இந்தப் பொருள் வயிற்றில் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் போனால்தான் முழுப் பலன். நம் மலையில் மாடு காலையில் சரிவுக்குப் போய் மேய்ந்துவிட்டு வரும். தவிடும் புண்ணாக்கும் காட்டுவது கறக்கும்போது, காலையும் மாலையும். அந்த இரண்டு வேளைப் பொடி பகல் முழுக்க மேய்கிற புல்லுக்கு எப்படிக் காவல் நிற்கும்?

நம் நாட்டிலேயே பெங்களூரில் இருக்கும் தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் 'ஹரித் தாரா' என்று ஒன்றை உருவாக்கியிருக்கிறது. துவர்ப்புச் சத்தான டானின் உள்ள செடிகளிலிருந்து செய்தது. 17 முதல் 20 சதவீதம் மீத்தேன் குறையும் என்கிறார்கள். எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம். டானின் என்றதும் நீலகிரிக்காரனுக்குச் சீகை (வாட்டில்) மரம் நினைவுக்கு வராமல் இருக்குமா? தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று புல்வெளியில் நட்டு, அது பரவிப் பரவி மேய்ச்சல் நிலத்தையே விழுங்கிவிட்டது. இப்போது வெட்டி அகற்றச் சொல்லி நீதிமன்றமே வலியுறுத்துகிறது. அந்தக் கருஞ்சீகைப் பட்டையின் டானினை ஆஸ்திரேலியாவில் கறவை மாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். மீத்தேன் குறைந்தது. கூடவே பாலும் குறைந்தது. துவர்ப்பு கூடினால் தீவனத்திலிருக்கும் புரதம் மாட்டுக்குச் சரியாகச் சேராது, மாடு தின்பதும் குறையும். ஆக அளவுதான் எல்லாம். வெட்டிப் போடும் சீகையின் பட்டையை வைத்து இந்த அளவை ஊட்டிப் பக்கம் இருக்கும் நம் சாண்டிநல்லா கால்நடை ஆராய்ச்சி நிலையத்திலேயே, நம் குளிரில், நம் கிகுயூ புல் தின்கிற மாட்டில் சோதித்துப் பார்க்கலாமே.

சரி, காசுக்கு வருவோம். ஒரு மாடு வருடத்துக்கு 60 கிலோ மீத்தேன் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதம் குறைந்தால் 12 கிலோ. 100 ஆண்டுக் கணக்கான 28 மடங்கால் பெருக்கினால் 336 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அதாவது ஒரு டன்னில் மூன்றில் ஒரு பங்கு. பொடிக்கு நாளைக்கு 2 ரூபாய் ஆனால்கூட வருடத்துக்கு 730 ரூபாய். அந்த மூன்றில் ஒரு பங்கு டன்னால் பயனடைவது உலகம் முழுவதும். 730 ரூபாய் கொடுப்பது மட்டும் தேயிலை விலை விழுந்ததால் மாட்டை நம்பியிருக்கும் ஓர் அக்காவா? மீத்தேன் குறைந்தால் மிச்சமாகும் சக்தி பாலாக மாறிவிடும் என்று சொல்லி விற்பார்கள். 3-என்.ஓ.பி சோதனைகளில் பால் அப்படியொன்றும் பெரிதாகக் கூடவில்லை.

டென்மார்க்கில் 2025-இல், 50 மாட்டுக்கு மேல் வைத்திருக்கும் பண்ணைகள் போவேரோ கூடுதல் கொழுப்புத் தீவனமோ கொடுத்தாக வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். இலையுதிர் காலத்தில் மாடு தீவனம் எடுக்கவில்லை, வயிற்றுப்போக்கு, படுத்துவிட்டது என்று புகார்கள் வந்தன. அரசு ஆய்வு செய்ய வேண்டியதாயிற்று. பொடிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அங்கே புகார் கொடுத்தால் கேட்க ஆள் இருக்கிறது. எங்கள் மலையில் சினை ஊசி போட ஆளைக் கூப்பிட்டால் அவர் வந்து சேர்வதற்குள் பருவம் தப்பிவிடுகிறது. பருவம் தப்பிய மாடு பால் தராமல் மாதக்கணக்கில் தின்றுகொண்டே நிற்கும், ஏப்பமும் விட்டுக்கொண்டே இருக்கும். தாது உப்பு, நல்ல பசுந்தீவனம், நேரத்துக்கு ஊசி இவற்றைச் சரிசெய்தாலே ஒரு லிட்டர் பாலுக்கான மீத்தேன் குறையும். இதில் மாட்டுக்காரருக்கும் லாபம்.

அப்புறம் தோடர்களின் எருமைகள். அவை மந்தையாகப் புல்வெளியில் மேய்பவை, தொட்டித் தீவனத்தில் வளர்பவை அல்ல. மேய்ச்சல் நிலத்தைச் சீகைக்கும் தைல மரத்துக்கும் கொடுத்துவிட்டு மிச்சமிருக்கும் எருமைகளையும் மீத்தேன் கணக்கில் குற்றவாளியாக்கினால் அது பெரிய அநியாயம். அவற்றை இந்தத் திட்டத்துக்குள் கொண்டுவரவே கூடாது.

அதனால் எங்கள் சொசைட்டியில் இந்தப் பொடியைப் பற்றிப் பேச்சு வரும் நாளில் நான் கேட்கப்போவது இது: பொடி இலவசமாக வர வேண்டும், மீத்தேனைக் குறைத்ததற்குக் கார்பன் காசு என்று ஏதாவது வந்தால் லிட்டர் விலையோடு சேர்த்து மாட்டுக்காரர் கணக்கில் ஏற வேண்டும், பாலோ கொழுப்போ குறைந்தால் ஈடு தருவதாக எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் கொடுத்தால் எங்கள் வீட்டு மாட்டுக்கு முதல் ஆளாக நானே கலக்குகிறேன்.