மூன்று இஎம்ஐ தவறினால் மறுநாளே பூட்டா?

"மூணு இஎம்ஐ தவறினா மறுநாளே பேங்க் வீட்டைப் பூட்டும், கோர்ட்டுக்கும் போக முடியாது" என்று போட்டிருக்கீங்க. பாதிதான் சரி சார்.

90 நாள் நிலுவை ஆனால் கடன் வாராக்கடன் ஆகும். அப்புறம் 2002 சர்ஃபேசி சட்டம் (கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை பேங்க் எடுக்க வழி தரும் சட்டம்) பிரிவு 13(2)-இன்படி நோட்டீஸ், கட்ட 60 நாள். ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் பேங்க் 15 நாளில் காரணத்தோடு பதில் தரணும். (பலர் அந்த நோட்டீஸைப் பிரிக்காமலே ஃபிரிட்ஜ் மேல் போட்டுவிடுகிறார்கள்!) சுவாதீன நோட்டீஸை, அதாவது வீட்டை பேங்க் எடுத்துக்கொள்ளும் அறிவிப்பை, கதவில் ஒட்டுவது இதற்கெல்லாம் பிறகுதான்.

சிவில் கோர்ட் இதில் தலையிடாது, உண்மை. ஆனால் பேங்க் கடன் வழக்குகளுக்கென்றே உள்ள கடன் மீட்பு தீர்ப்பாயத்தில், சுவாதீன நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் மனு போடலாம். ஏல நாள் வரை காத்திருக்காதீங்க. 2016 திருத்தத்துக்குப் பிறகு ஏல அறிவிப்பு வெளியாவதற்குள் முழுப் பாக்கியையும் கட்டினால்தான் வீட்டை மீட்கும் உரிமை.