பிளைவுட் பலகைக்கு லிட்டர் கணக்குத் தெரியாது

குடும்பத்துக்கென்று விற்கப்படும் எஸ்யூவிகளின் டிக்கியில் எவ்வளவு சாமான் கொள்ளும் என்பதை லிட்டரில் சொல்லும் வழக்கத்தை யார் தொடங்கி வைத்தார்களோ, அவர்கள் ஒரு நாளாவது 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகை ஒன்றைத் தங்கள் வண்டியில் ஏற்றி வீடு கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். எண்ணெயை லிட்டரில் அளப்பதில் நியாயம் இருக்கிறது. ஊற்றிய பாத்திரத்தின் வடிவத்தை அது எடுத்துக்கொள்ளும். கதவுப் பலகையும் கட்டில் சட்டமும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றுக்கு நீளம் வேண்டும், அகலம் வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்பாக உள்ளே நுழைவதற்கு ஒரு வாசல் வேண்டும். இந்த மூன்றில் ஒன்றைப் பற்றியும் விளம்பரத் தாளில் ஒரு வரி கிடையாது.

அந்த லிட்டர் எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் கோபம் இன்னும் ஏறும். ஐஎஸ்ஓ 3832 என்ற சர்வதேச அளவீட்டு முறைப்படி, 200 மில்லிமீட்டர் நீளமும் 100 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட, அதாவது சரியாக ஒரு லிட்டர் பருமனுள்ள கட்டைகளை டிக்கியின் சந்துபொந்துகளில் எல்லாம் அடுக்கி, மொத்தம் எத்தனை கொண்டன என்று எண்ணுகிறார்கள். செங்கல்லைவிடச் சிறிய கட்டை எந்த மூலையில்தான் நுழையாது? இப்போது 18 மில்லிமீட்டர் கனமுள்ள நம் பிளைவுட் பலகையை எடுத்துக்கொள்வோம். அதன் பருமன் ஏறக்குறைய 54 லிட்டர். பின்சீட்டை மடக்கினால் 1,500 லிட்டர் என்று மார்தட்டும் வண்டியில், அவர்களுடைய கணக்குப்படியே 27 பலகைகள் கொள்ள வேண்டும். உண்மையில் ஒரு பலகைகூடப் படுத்த நிலையில் உள்ளே போகாது. போதாததற்கு, அந்த 1,500 என்பது கூரை வரைக்கும் கட்டைகளை அடுக்கி எடுத்த எண். அப்படி அடுக்கிய பிறகு உள்கண்ணாடியில் ஓட்டுநருக்குத் தெரியப்போவது கட்டைகள் மட்டுமே.

ஏன் போகாது என்பதற்கான காரணம் வண்டியின் இரு பக்கங்களிலும் புடைத்துக்கொண்டு நிற்கிறது. வெளியே 1.8 மீட்டருக்கு மேல் அகலம் காட்டி, பார்க்கிங் கோடுகளுக்கு நடுவே திணறி நிற்கும் இந்த வண்டிகளில் பலவற்றில், பின்சக்கர வளைவுகளுக்கு இடையே உள்ள தரையின் அகலம் சுமார் ஒரு மீட்டர்தான். பலகையின் அகலமோ 1.22 மீட்டர். வெளி அகலத்திலிருந்து காணாமல் போன அந்த 80 சென்டிமீட்டரைச் சக்கரமும் சஸ்பென்ஷனும் தின்றது ஒரு பங்கு என்றால், அவற்றின் மேல் போர்த்திய பிளாஸ்டிக் உறையும் ஸ்பீக்கரும் எதற்கென்றே புரியாத சின்னச் சின்னக் குழிகளும் தின்றது இன்னொரு பங்கு. டிக்கி வாசலோ உள்ளிருக்கும் இடத்தைவிடக் குறுகல். கூபே எனப்படும், கூரை பின்னோக்கிச் சரிந்த கார் போலத் தெரிய வேண்டும் என்று பின்கண்ணாடியைச் சரித்து, கூரையைத் தாங்கும் தூண்களைத் தடிப்பாக்கி, வாசலின் மேல்பாதியை இரு பக்கமும் உள்ளே இழுத்துவிடுகிறார்கள். உள்ளே வைத்தால் நிற்கக்கூடிய அலமாரி வாசலில் இடித்து நிற்கும்போது, அந்த அழகுச் சரிவை வரைந்தவரை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் என்று யாராவது சமாதானம் சொல்ல வந்தால், 1984-ஆம் ஆண்டு மாடலாக வந்த டாட்ஜ் கேரவன் மினிவேனை அவர்கள் பார்க்கட்டும். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டால் 8 அடிக்கு 4 அடி பலகையைத் தரையில் படுக்க வைக்கும்படி அதைக் கட்டியிருந்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிய ஒன்றை, அதைவிடக் கனமான, உயரமான வண்டிகளில் இன்று ஏன் செய்வதில்லை என்றால், மினிவேன் பார்ப்பதற்குக் கம்பீரமாக இல்லை என்று நாமே அதை ஒதுக்கிவிட்டு, காடுமேடு ஏறுவது போன்ற தோற்றத்துக்குக் காசு கொடுக்கத் தொடங்கினோம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது மடக்கும் இருக்கைகள் என்ற மோசடி. 60-க்கு 40 என்ற பிரிப்பில் மடங்கும் பின்சீட்டு பல வண்டிகளில் முழுமையாகப் படுப்பதே இல்லை. முன்பக்கம் தூக்கிய ஒரு சாய்வாக, டிக்கித் தரையோடு சேரும் இடத்தில் ஒரு படியோடு நின்றுவிடுகிறது. அதன்மேல் ஜிப்சம் போர்டை வைத்தால் பாரம் முழுவதும் அந்தப் படியின் விளிம்பில் விழுகிறது, வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியவுடன் போர்டு நடுவில் விரிசல் விடுகிறது. மூன்றாம் வரிசை இருக்கை உள்ள வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு சிறுவர்கள் முழங்காலை மோவாயில் இடித்துக்கொண்டு உட்காருவதற்கான அந்த இருக்கை, மற்ற எல்லா நாள்களிலும் மடங்கிய நிலையில் தரையை உயர்த்திக்கொண்டு நம்மோடு பயணம் செய்கிறது. சாமானைத் தூக்கி வைக்க வேண்டிய பம்பர் விளிம்பு ஏற்கெனவே தொடை உயரத்துக்கு மேல் இருக்கும் வண்டியில் இது வேறு.

நீளமான சாமான்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பிவிசி குழாய், அலுமினியச் சட்டம், திரைச்சீலைக் கம்பி, ஏணி போன்றவற்றை ஏற்ற ஒரே வழி, முன் பயணியின் இருக்கையை முடிந்த மட்டும் சாய்த்து, டிக்கியிலிருந்து டேஷ்போர்டு வரை மூலைவிட்டமாகச் செருகுவதுதான். செருகிய மறுநொடியே வண்டி அலறத் தொடங்கும். இருக்கைக்கு அடியில் உள்ள உணரி அந்தக் குழாய்களை ஒரு மனிதராக மதித்து, சீட் பெல்ட் போடச் சொல்லி வீடு வந்து சேரும் வரை மணியடித்துக்கொண்டே இருக்கும். குழாய்க்கு பெல்ட் மாட்டிவிட்டு ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. இத்தனை அக்கறையுள்ள வண்டியில் அந்தக் குழாயை உண்மையாகவே கட்டி நிறுத்த என்ன இருக்கிறது என்று பார்த்தால், டிக்கியின் மூலைகளில் நாலு வளையங்கள், சில கிலோ எடைக்குமேல் தாங்காது என்று கையேடே ஒப்புக்கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் பைக்கொக்கி, அவ்வளவுதான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி, முன்பகுதி நசுங்கி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளே இருப்பவற்றின் மீது சராசரியாக அவற்றின் எடையைப்போல் 20 மடங்கு விசை விழும்; 20 கிலோ சட்டக் கட்டு ஒன்று 400 கிலோவின் மூர்க்கத்தோடு முன்னால் பாயும். அது பாயும் திசையில்தான் நம் தலை இருக்கிறது. பக்கவாட்டுக் கண்ணாடியை ஒட்டிச் செருகியிருந்தாலோ, விபத்தில் தலையைக் காக்க ஜன்னலோரமாகத் திரை ஏர்பேக் விரிய வேண்டிய வழியையும் அது அடைத்துக்கொண்டிருக்கும்.

"டிக்கியைத் திறந்தே வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு போங்கள்" என்று ஆலோசனை சொல்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். பெட்டி வடிவ வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு திறந்த டிக்கி வழியாக உள்ளே இழுக்கப்படும் என்பதும், அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது என்பதும், டிக்கிக் கதவோடு சேர்த்து எண் பலகையையும் சில வண்டிகளில் பின்விளக்குகளையுமே வானத்தைப் பார்க்க வைத்துவிடுகிறோம் என்பதும் அவர்களுக்குப் பொருட்டே இல்லை. போதாக்குறைக்கு, மின்விசையில் இயங்கும் டிக்கிக் கதவு பாதி திறந்த நிலையில் இருக்கச் சம்மதிக்காமல் ஓயாமல் எச்சரிக்கை ஒலிக்கும்.

அப்படியானால் கூரைமேல் கட்டலாமே என்பார்கள். கூரை தாங்கும் எடை பெரும்பாலான வண்டிகளில் 75 முதல் 100 கிலோ வரைதான், அதிலும் ரேக்கின் எடையும் அடக்கம். ஒரு பிளைவுட் பலகை ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். மூன்றாவது பலகையோடு கதை முடிந்தது. ரேக்கும் இல்லாமல், ஜன்னல்கள் வழியாகக் கயிற்றை விட்டு மெத்தையைக் கட்டுவது அதைவிடக் கொடுமை. இறுக்கிக் கட்டிய கயிறு கதவுகளையும் சேர்த்துக் கட்டிவிடும், மழை வந்தால் அதே கயிறு வழியாகத் தண்ணீர் மடியில் சொட்டும். ஒன்றரை மீட்டருக்கு இரண்டு மீட்டர் அளவுள்ள மெத்தையின் முன்விளிம்பு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் மேலெழுந்து முழுப் பரப்பும் காற்றை எதிர்கொண்டால், அதன்மேல் விழும் விசை 90 கிலோ அளவுக்கு வந்துவிடும். அதை ஜன்னலுக்கு வெளியே நீட்டிய ஒரு கையால் பிடித்துக்கொள்ளலாம் என்று நம்பிக்கொண்டு போகிறவர்களைச் சாலையில் காணும்போதெல்லாம் என் வயிறு கலங்குகிறது.

எடை விஷயத்திலும் தோற்றம் நம்மை ஏமாற்றுகிறது. இவ்வளவு பெரிய வண்டி பத்துப் பதினைந்து சிமெண்ட் மூட்டைகளை அலட்சியமாகச் சுமக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். குடும்ப எஸ்யூவிகள் பலவற்றின் மொத்தச் சுமைத்திறன் ஆட்களையும் சேர்த்து 500 கிலோவை ஒட்டித்தான் இருக்கிறது. முன்னால் இருவர் உட்கார்ந்தால், 50 கிலோ மூட்டை ஏழோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த ஏழையும் டிக்கியின் கடைக்கோடியில் அடுக்கினால் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரங்களின் பிடி தளர்ந்து, முகப்பு விளக்குகள் எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும். டைல்ஸ் பெட்டிகளும் இப்படித்தான். இடம் கால்வாசிகூட நிரம்பாது, சுமை எல்லை தாண்டியிருக்கும். முழுச் சுமைக்கு டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவருகே ஒட்டிய தாளில் இருக்கிறது. அதை யார் படிக்கிறார்கள் என்பது வேறு வயிற்றெரிச்சல்.

இத்தனையும் ஒரு பக்கம் என்றால், "உங்களுடையதுதான் பெரிய வண்டியாயிற்றே" என்று உரிமையோடு தொடங்கும் உறவினர்களின் வேண்டுகோள்கள் மறுபக்கம். நிற்க வைத்தே கொண்டுபோக வேண்டிய குளிர்சாதனப் பெட்டியைப் படுக்க வைத்து, கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்களுக்குள் போனாலும் பரவாயில்லை என்பார்கள். முடியாது என்று அளவுகளைச் சொல்லி விளக்கினால், உதவ மனமில்லாதவன் என்ற பெயர் மிஞ்சும். மறுக்கத் தயங்கி ஏற்றிக்கொண்டாலோ, உட்புறப் பிளாஸ்டிக்கில் விழுந்த கீறல்களும் கார்ப்பெட்டின் இழைகளுக்குள் புகுந்துவிட்ட சிமெண்ட் தூளும் நமக்கு, நன்றி என்ற ஒற்றைச் சொல் நமக்கு, மிச்சமான வாடகை அவர்களுக்கு. ஒரு சரக்கு வண்டியை அரை நாள் அமர்த்தினால் கீறலும் இல்லை, மனத்தாங்கலும் இல்லை என்று சொல்லிப் பாருங்கள், ஏதோ சொத்தை எழுதி வைக்கச் சொன்னது போல் பார்ப்பார்கள்.

உற்பத்தியாளர்களிடம் நான் கேட்பது மூன்றே அளவுகள். சக்கர வளைவுகளுக்கு இடையே உள்ள அகலம், டிக்கி வாசலின் மிகக் குறுகிய இடத்தின் அகலமும் உயரமும், இருக்கைகளை மடக்கிய பின் தரையில் நேராகக் கிடைக்கும் நீளம். வண்டியை வரைந்தவர்களின் கணினியில் இவை மில்லிமீட்டர் பிசகாமல் இருக்கின்றன. உள்விளக்கு எத்தனை நிறங்களில் எரியும் என்று அச்சிட இடமிருக்கும் தாளில் இவற்றையும் அச்சிடுவதற்கு என்ன கேடு? அவர்கள் அச்சிடும் வரை, வண்டி வாங்கப் போகிறவர்கள் 4 அடி நீளத்தில் ஒரு குச்சியை வெட்டிக் கையோடு எடுத்துச் சென்று, டிக்கியைத் திறக்கச் சொல்லி, சக்கர வளைவுகளுக்கு நடுவே குறுக்காக வைத்துப் பாருங்கள். விற்பனையாளர் பக்கத்தில் நின்று லிட்டர் கணக்கைத் தொடங்கினால், அவர் பாட்டுக்குத் தொடங்கட்டும்.