கடைக்குப் போனால் மட்டும் ஓடும் கணினி

மதுரை வில்லாபுரத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் என் அறையில் பிற்பகல் இரண்டு மணியானால் தவறாமல் உறைந்து நிற்கும் மடிக்கணினி, சிம்மக்கல் பக்கத்துக் கடையின் ஏசி அறையில் வைத்ததும் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. மூன்று முறை தூக்கிக்கொண்டு அலைந்துவிட்டேன். "அண்ணே, நாங்க பாத்தா ஓடுது, நீங்க பாத்தா நிக்குது, இது குவாண்டம் கேஸ்ணே" என்று கடைத்தம்பி சிரிக்கிறார்.

நண்பர்களோ பவுலி விளைவு என்கிறார்கள். வோல்ஃப்காங் பவுலி அருகில் வந்தாலே கருவிகள் பழுதாகும் என்று சக இயற்பியலாளர்கள் கேலி பேசியதும், ஓட்டோ ஸ்டெர்ன் அவரை ஹாம்பர்க் ஆய்வகத்துக்குள் விடமாட்டார் என்பதும் எனக்கும் பிடித்த கதைகள்தாம். ஆனால் குவாண்டம் இயற்பியலில் ஹைசன்பர்க் 1927இல் சொன்ன, ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாது என்ற நிச்சயமின்மை எலக்ட்ரான் போன்ற நுண்துகள்களிடம் வெளிப்படுவதே தவிர, தூசி அடைத்த விசிறியிடம் அன்று.

இங்கே நடப்பது நியூட்டனின் குளிர்தல் விதி. சூடான பொருளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு குறையக் குறைய, வெப்பம் வெளியேறும் வேகமும் குறையும். அதனால்தான் சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் அறையில் கணினியின் மூளையான செயலி (புராசசர்) 100 டிகிரியை நெருங்கித் திணறுகிறது. நேற்று நானே அடிமூடியைக் கழற்றினேன். விசிறியின் வாயில் பஞ்சுத் திரி போலத் தூசி. செயலியின் மேல் சுண்ணாம்பாய்க் காய்ந்து வெடித்த, வெப்பத்தைக் கடத்த வேண்டிய பசை. மூன்று முறையில் ஒரு முறையாவது கடைத்தம்பி அந்தப் பத்துத் திருகாணிகளைக் கழற்றிப் பார்த்திருக்கக் கூடாதா?