ஜி.ஆர்.இ. வெர்பலில் எதிர்ச்சொல் கேள்வி இப்போது கிடையாது

வெளிநாட்டில் மேற்படிப்புக்குச் சேர எழுதும் தேர்வு ஜி.ஆர்.இ.; அதில் ஆங்கில மொழித்திறன் பகுதிதான் வெர்பல். "ஜி.ஆர்.இ. வெர்பலில் பாதி எதிர்ச்சொல் கேள்விதான், 3500 சொல் பட்டியலை மனப்பாடம் பண்ணினால் போதும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தவறான தகவல். எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளை 2011 ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டார்கள். 2023 செப்டம்பரிலிருந்து வெர்பலில் மொத்தமே 27 கேள்விகள். ஒரு வகையில், வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களை ஆறிலிருந்து எடுக்க வேண்டும். ஒன்று மட்டும் சரியென்றால் பாதி மதிப்பெண்கூட வராது. 'ஆனாலும்', 'அதனால்' போன்ற இணைப்புகள் வாக்கியத்தை எந்தப் பக்கம் திருப்புகின்றன என்று பிடிபடாவிட்டால் பட்டியல் கைகொடுக்காது. சொற்கள் தெரிய வேண்டும்தான், அதை மறுக்கவில்லை. புதுச் சொல்லை அது வந்த வாக்கியத்தோடு எழுதி, சில நாள் விட்டு மறுபடி பாருங்கள். சீனியர்களிடம் புத்தகம் வாங்கும் தம்பி தங்கைகளே, பதிப்பு ஆண்டைத் தயவுசெய்து முதலில் பாருங்கள்.