கோயில் சாவி யாரிடம் இருக்கும்?

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் பதினோரு பிள்ளைகள் கூடுகிறார்கள். கதை பேசத்தான் தொடங்கினோம். இப்போது ஒரு மாதமாகச் சேர்ந்து ஒரு கற்பனை நாட்டையே உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். பெயர் மேகநாடு. தலைநகருக்கு ஏற்காட்டுப் பாதையைப் போலவே 20 கொண்டை ஊசி வளைவுகள். காசுக்குப் பதில் காப்பிக்கொட்டை. மலை உச்சியில், சேர்வராயன் கோயில் பக்கம் இருப்பதைப் போல ஒரு வெட்டவெளி. போன வாரம், "அந்த இடத்தில் ஒரு புது மதம் பிறக்கட்டும்" என்றேன்.

பத்தே நிமிடத்தில் பிறந்துவிட்டது. குரு வந்தார், தண்ணீர் மேல் நடந்தார். சிம்மாசனம், உண்டியல், காவலர்கள் எல்லாம் வந்தன. குருவை எதிர்த்துப் பேசினால் நாடு கடத்தல். முன்வரிசையில் யார் உட்காரலாம், வாசலுக்கு வெளியே யார் நிற்க வேண்டும் என்பதுவரை எழுதிவிட்டார்கள். எனக்கு நெஞ்சை அடைத்தது. எல்லோரும் எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். அந்த மதத்தின் சாமி யார் என்று யாருக்கும் எழுதத் தோன்றவில்லை.

அப்போது ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், கோயில் சாவி யாரிடம் இருக்கும்?"

அவனுடைய பாட்டி ஊரில் திருவிழாத் தகராறு. இரண்டு தரப்பும் விட்டுக்கொடுக்காததால் கோயிலுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். பாட்டி வெள்ளிக்கிழமைதோறும் பூட்டிய கதவுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டுத் திரும்புகிறாராம்.

ஒரு வாரமாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை. புது மதம் என்றாலே ஏமாற்று வேலை என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு நிறைய. ஏமாற்றியவர்கள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. மதமே வேண்டாம் என்பவர்களையும் மதிக்கிறேன். 1944-இல் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது இதே சேலத்து மாநாட்டில்தான். என் தாத்தா அதற்குப் போய் வந்தவர். ஆனாலும் அந்தப் பாட்டிக்குக் கற்பூரம் ஏற்ற ஓர் இடம் வேண்டும். அதைத் திறந்துவைக்கத்தான் நம் மண்ணில் சிலர் புது வழி கண்டார்கள். அவர்களையும் ஏமாற்றுக்காரர்களோடு ஒரே மூட்டையில் கட்டிப் போடுவதை என்னால் ஏற்க முடியாது.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சாமித்தோப்பில் 1833-இல் அய்யா வைகுண்டர் தவம் தொடங்கியபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கு மேலாடை அணியக்கூட உரிமை இல்லாத திருவிதாங்கூர் அது. அவர் ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கச் செய்தார். பள்ளியறை எனப்படும் கருவறையில் சிலை இல்லை, முகம் பார்க்கும் கண்ணாடி. காலம் காலமாகக் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவர் உள்ளே போய், அங்கே தன் முகத்தையே பார்க்கிறார்! இதை எழுதும்போதே எனக்கு உடல் சிலிர்க்கிறது. அரசு வைகுண்டரைச் சிறையில் போட்டது.

வடலூரில் வள்ளலார் 1867-இல், பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமசாலையைத் தொடங்கினார். வழிபாட்டு இடமான சத்திய ஞான சபை வந்தது 1872-இல். அடுப்பு முதலில், ஐந்து ஆண்டு கழித்துத்தான் சபை. இந்த வரிசையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமா? பசித்து வந்தவரிடம் என்ன சாதி, என்ன மதம் என்று கேட்காத சோறு. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. இதையும் சொல்ல வேண்டும்: சோதியை மட்டும் வணங்கச் சொன்ன அந்தச் சபைக்குள்ளேயே பிற்காலத்தில் லிங்க வழிபாடு நுழைந்தது. அது வள்ளலாரின் நெறிக்கு மாறானது என்று அறநிலையத் துறை 2006-இல் ஆணையிட்டது, உயர் நீதிமன்றம் 2010-இல் அதை உறுதி செய்தது. திறந்த கதவைத் திறந்தே வைத்திருப்பதற்கும் ஆள் வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொன்னேன். மறுநாள் ஒரு தாய் அலைபேசியில் வருத்தப்பட்டார்: "சின்னப் பிள்ளைகளிடம் மதத்தைப் பற்றி ஏன் பேசுகிறீர்கள் டீச்சர்?" அம்மா, நான் பேசுவதற்கு முன்பே யார் வெளியே நிற்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதுதான் என் கவலை.

நேற்று மேகநாட்டு மதத்தை அழித்துவிட்டு மறுபடி எழுதினார்கள். குருவை எடுக்க இரண்டு பேருக்கு மனம் வரவில்லை, அதனால் அவர் இருக்கிறார், ஆனால் பந்தியில் பரிமாறுகிறார். அந்தப் பையன் வரைபடத்தில் கோயிலை வரைந்து கதவை விட்டுவிட்டான். மழை பெய்தால் உள்ளே சாரல் அடிக்குமே என்று ஒரு சிறுமி சண்டை போட்டாள். அது இன்னும் தீரவில்லை.

தைப்பூசத்துக்கு முன்பாக, கூட்டம் இல்லாத ஒரு நாளில், பதினோரு பேரையும் விருத்தாசலம் வழியாக வடலூருக்கு அழைத்துப் போக நினைக்கிறேன். அந்த அடுப்பைப் பார்க்க வேண்டும், அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பெற்றோர் சம்மதம் சொல்லுங்கள். பாட்டியையும் அழைத்து வரலாமா என்று அவன் கேட்டிருக்கிறான். வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.