ரேடியேஷனுக்கு நடுவில் இடைவெளி விட்டால் நுரையீரல் தேறுமா?

கோத்தகிரியிலிருந்து கோவைக்கு இறங்கி நுரையீரல் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுப்பவர்கள், நடுவில் ஒரு வாரம் வீட்டிலேயே இருந்தால் நுரையீரல் நன்றாகத் தேறும் என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை அண்ணா.

நல்ல செல்கள் ஒரு டோஸில் பட்ட சேதத்தில் சரிசெய்யக்கூடியதைப் பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே சரிசெய்துகொள்ளும். ஒரே நாளில் இரண்டு டோஸ் கொடுக்கும்போது நடுவில் குறைந்தது 6 மணி நேரம் விடுவது அதனால்தான், தினம் ஒன்று என்றால் 24 மணி நேரம் கிடைத்துவிடுகிறது. திட்டத்தில் இல்லாத விடுப்பில் நுரையீரலுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, ஆனால் மிச்சமிருக்கும் புற்றுநோய் செல்கள் அந்த நாட்களில் மறுபடி பெருகும். இங்கிலாந்தில் 1997-இல் முடிவு வெளியான சார்ட் ஆய்வில் தினம் மூன்று வேளை, 6 மணி நேர இடைவெளியில், 12 நாளில் 36 டோஸ் கொடுத்தார்கள். ஆறு வாரம் எடுத்தவர்களைவிட இவர்களில் அதிகம் பேர் பிழைத்திருந்தார்கள்.

மருத்துவரே ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று போட்டிருந்தால், அல்லது உடம்பு பார்த்து நிறுத்தச் சொன்னால், அது வேறு. மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் அன்றே ரேடியேஷன் பிரிவுக்கு போன் பண்ணுங்கள், விட்ட டோஸை ஈடுகட்ட அவர்களிடம் வழி உண்டு.

சந்தேகமிருந்தால் உங்கள் டாக்டரிடம் "ஒரு வாரம் விடலாமா?" என்று நேராகக் கேளுங்கள். இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் ரேடியாலஜிஸ்ட்ஸ், சிகிச்சை தடைபடுவது பற்றி வெளியிட்ட வழிகாட்டியையும் இணையத்தில் யாரும் படித்துப் பார்க்கலாம்.